பொட்டு வைத்த கத்தி

எதிர்க் கடை டீ நன்றாக இருக்கிறது, இன்ஸ்பெக்டர் மேடம். எலுமிச்சை பிழிந்த கறுப்பு டீயை இந்தக் காஞ்சிபுரத்தில் கசக்காமல் போடுகிறவர் அவர் ஒருவர்தான். குடித்துக்கொண்டே சொல்கிறேன். ஒன்றையும் மறைக்கப் போவதில்லை. மறைக்கிற மாதிரி நான் எதுவும் தப்பாகச் செய்யவில்லை.

என் பெயர் பிரவீனா. சேகரிப்பாளர்கள் வாங்கி விற்கும் அபூர்வக் கத்திகளைப் பார்த்து, அசலா போலியா, என்ன விலை பெறும் என்று சொல்வது என் தொழில். பெண்பிள்ளைக்கு இது என்ன தொழில் என்று தெருவில் சிரித்தார்கள். சிரிக்கட்டும். கத்தி மேல் ஆசைப்பட்டு நான் இதைக் கற்கவில்லை. ஒரே ஒரு கத்தி என்னைத் தேடி வரவேண்டும் என்பதற்காகக் கற்றேன்.

அது என் தம்பி கமலின் கத்தி. அவன் கப்பலில் சமையல்காரன். ஜப்பானில் ஒரு பட்டறை இருநூறே இருநூறு செய்து நிறுத்திக்கொண்ட மடக்குக் கத்தி. அவனுடைய கேப்டன் ஓய்வு பெறும்போது பரிசாகக் கொடுத்தார். ஒவ்வொன்றுக்கும் ஒரு எண் உண்டு. கமலுடையது இருபத்தேழு. அந்த வருஷம் ஆயுத பூஜைக்கு எங்கள் அம்மா எல்லம்மாள், பைக், மிக்சி, தையல் மெஷின் என்று எல்லாவற்றுக்கும் வைத்ததுபோல அதற்கும் ஈரக் குங்குமத்தில் ஒரு பொட்டு வைத்துவிட்டாள். சட்டென்று கறை பிடிக்கிற எஃகு அது. காலையில் துடைத்தால் அலகின் அடியில் கறுப்பாக ஒரு வட்டம்.

"இன்னாம்மா பண்ணி வெச்சிருக்க, இதோட மதிப்பே போச்சுமா" என்று கமல் குதித்தான்.

"சாமி பொட்டுடா. போவாது. உன்னியக் காப்பாத்தும்" என்றாள் அம்மா.

காப்பாற்றவில்லை. அடுத்த மாதம் தென்னேரி ஏரியில் மிதந்தான். குடித்துவிட்டு விழுந்தான் என்று எழுதி முடித்துவிட்டார்கள். பர்ஸ் பையிலேயே இருந்தது. கத்தியைக் காணோம். தண்ணீரில் விழுந்திருக்கும் என்றார்கள். அதெப்படி விழும்? பிடுங்கிக்கொண்டவன் ஒருவன் இருக்கிறான். என்றைக்காவது அதன் விலையைத் தெரிந்துகொள்ள அவனுக்கு ஆசை வரும். அப்போது அவன் தேடி வருகிற ஆள் நானாக இருக்கவேண்டும். ஏழு வருஷம் வயிறு எரிய எரியக் காத்திருந்தேன், மேடம்.

போன மாசியில் ஆனந்தகுமார் வந்தான். பிள்ளையார்பாளையத்தில் பட்டு நெய்கிற வீட்டுப் பிள்ளை. துணியில் சுற்றியிருந்ததைப் பிரித்து மேசையில் வைத்தான்.

"ஆன்லைன்ல ஒருத்தர்கிட்ட வாங்கினேன்கா. ஒரிஜினலான்னு பாத்துச் சொல்லுங்க."

அலகைத் திறந்தேன். அடியில் கறுப்பு வட்டம்.

எங்கள் தொழிலில் பார்த்தவுடன் வாய் திறக்கக் கூடாது. முனையைத் தீட்டியிருக்கிறார்களா, மடக்குகிற இடம் ஆடுகிறதா என்று பார்க்கவேண்டும். கடைசியாக, கைப்பிடியின் திருகாணிகளைக் கழற்றி உள்ளே பொறித்த எண்ணைப் பார்க்கவேண்டும். எத்தனையோ பேருக்கு இதை நானே சொல்லிக்கொடுத்திருக்கிறேன். அன்று நான் கழற்றவில்லை. சொந்தத் தம்பியை ஆதார் அட்டையைப் பார்த்தா அடையாளம் கண்டுபிடிப்பார்கள்?

ஆனாலும் நியாயமாக விசாரித்தேன். தென்னேரி தெரியுமா என்று கேட்டேன். "இன்னாக்கா இப்டிக் கேட்டுட்டீங்க, நீச்சல் கத்துக்கினதே அங்கதான்" என்று சிரித்தான். என் தம்பி செத்த தண்ணீரைச் சொல்லிச் சிரித்தான். இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

"அசல்தான்பா" என்றேன். அது பொய்யில்லை. நல்ல விலைக்குக் கேட்கிறவர் ஒருவர் ஞாயிற்றுக்கிழமை தென்னேரி ஏரிக்கரைக்கு வருவார் என்றேன். அது பொய். பைக்கில் என்னை ஏற்றிக்கொண்டு போனான். வழியில் வாலாஜாபாத்தில் நிறுத்தி, எங்கள் அம்மாவுக்கு என்று சாத்துக்குடி வாங்கி என் பையில் போட்டான்.

கரையில் வைத்துக் கத்தியைக் கேட்டேன். அலகை விரித்து, என் கையில் தராமல் கல்லின் மேல் வைத்தான். "கையில குடுத்தா சண்ட வரும்னு அம்மா சொல்வாங்க. நீங்களே எடுத்துக்கங்கக்கா."

நல்ல வளர்ப்பு. நானே எடுத்துக்கொண்டேன். சண்டை ஒன்றும் வரவில்லை, மேடம். அதற்கு அவனுக்கு நேரம் இருக்கவில்லை. அக்கா என்று ஒரு தடவை சொன்னான். கமலும் கடைசியில் அப்படித்தான் கூப்பிட்டிருப்பான். அதை நினைத்தபோது மனசு குளிர்ந்தது. பிறகு அலகைத் துடைத்து எண்ணெய் பூசினேன். அந்த எஃகை ஈரத்தோடு விடக்கூடாது.

நீங்கள் கைப்பிடியைக் கழற்றிப் பார்த்துவிட்டு, எண் நூற்றுப் பன்னிரண்டு என்கிறீர்கள். மாற்றியிருப்பான். போன ஆயுத பூஜைக்கு அதற்குப் பொட்டு வைத்ததே தான்தான் என்று அவன் மனைவி ஏலவார்குழலி அழுகிறாள் என்கிறீர்கள். சொல்லிக்கொடுத்திருப்பான். கைக்குழந்தை இருக்கிறது என்கிறீர்கள். கமலும் எங்கள் வீட்டில் குழந்தைதான்.

"இந்த ஊர்ல எந்தக் கத்திக்குமா பொட்டு வெக்காம வுட்டிருக்காங்க?" என்று கேட்டீர்கள். கேட்டதோடு விடாமல், எதிர்க் கடையில் எலுமிச்சம்பழம் அறுக்கிற கத்தியை வாங்கி வரச் சொல்லி, என் கைக்கு எட்டாமல் மேசை ஓரத்தில் வைத்திருக்கிறீர்கள். பழைய இரும்புக் கத்தி. பார்த்தேன். அலகின் அடியில் கறுப்பு வட்டம் இருக்கிறது. அதே இடம், அதே அளவு.

டீ போதும், மேடம், எடுத்துவிடச் சொல்லுங்கள்.

அந்தக் கடைக்காரருக்கு எந்த ஊர்? தென்னேரிப் பக்கமா?