கல்லுக்குச் சாப்பாடு

...வெறும் தண்ணி சார். தண்ணியும் கல்லும். மாசக்கணக்கா அதத்தான் வளத்துட்டு இருக்கேன். வீட்டுக்கு வர்றவங்கல்லாம் தொட்டி முன்னாடி குனிஞ்சு, இந்தப் பக்கம் பாத்து, அந்தப் பக்கம் பாத்து, மீனு எங்க ஒளிஞ்சிருக்குன்னு கேக்குறாங்க. இருந்தாத்தானே ஒளியும்? போன வாரம் என் மச்சினன் வந்தான். சோபாவுல சாஞ்சு உக்காந்து கொஞ்ச நேரம் பாத்தான். பாத்துட்டு, ஏன் மாமா, இந்தக் கல்லுங்க எப்ப குஞ்சு பொரிக்கும்னு கேட்டான். எனக்கு எப்படி இருந்திருக்கும், நீங்களே சொல்லுங்க.

இப்படி வாங்க சார், இந்த ஸ்டூல்ல உக்காருங்க. அங்க நின்னா தொட்டித் தண்ணி தெறிச்சு சட்டையெல்லாம் உப்புப் பூத்துடும். கடைக்காரரு வர நேரமாகும். பின்னாடி யாருக்கோ நத்தை பொறுக்கிட்டு இருக்காரு. உங்க தொட்டித் தண்ணி பாட்டிலயும் என் பாட்டில் பக்கத்துல வெச்சிட்டீங்களா... ம், அங்கதான். எல்லாருக்கும் ஒரே மாதிரி வெள்ளை பாட்டில்தான் குடுப்பாரு, வெச்ச வரிசையில டெஸ்ட் பண்ணுவாரு. மொதல்ல என்னோடது, அடுத்தது உங்களோடது.

நான் கேக்குறேன், உலகத்துல எந்தக் கடைக்காரராவது வீடு தேடி... சரி, கடை தேடி வந்தவன்கிட்ட விக்க மாட்டேன்னு சொல்வாரா? இவரு சொல்வாரு. தொட்டி வித்தாரு. உப்பு வித்தாரு, பம்ப் வித்தாரு, ஹீட்டர் வித்தாரு, அந்த ஓட்டை ஓட்டையா இருக்குற கடல் கல்ல எடை போட்டு வித்தாரு. மீனுன்னு கேட்டா மட்டும், தண்ணி இன்னும் பழுக்கலன்றாரு. தண்ணி பழுக்குமா சார்? வாழப்பழமா அது?

உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். மீனு போடுற கழிவுல விஷம் இருக்காம், அம்மோனியான்னு. அத தின்னு தீக்குறதுக்குக் கண்ணுக்கே தெரியாத கிருமிங்க கல்லுல வந்து குடியேறணுமாம். அதுங்க வர்றதுக்கு முன்னாடி மீன விட்டா, தன் கழிவுலயே தான் செத்துருமாம். சரி, நியாயம்தான், நான் இல்லன்னு சொல்லல. ஆனா அந்தக் கிருமி பட்டினி கிடக்கக்கூடாதுன்னு, மீனில்லாத தொட்டிக்கு தெனம் ஒரு சிட்டிக மீன் சாப்பாடு போடணும்னாரு பாருங்க. தெனம் காலையில போடுறேன் சார். அது கல்லு மேல போய் விழுது. அங்கேயே கிடக்குது. என் வீட்டுக்காரி சோபாவுல இருந்தபடியே, என்னங்க, கல்லுக்கு சாப்பாடு போட்டாச்சான்னு கேக்குறா. பக்கத்து வீட்டுல கேட்டா என்ன நினைப்பாங்க?

அவளுக்காகத்தான் சார் இவ்ளோவும். நீச்சல் சொல்லிக் குடுக்குறவ அவ. எத்தன பேரத் தண்ணியில தள்ளிவிட்டு நீந்த வெச்சிருப்பா! தண்ணியில ஒரு நாளும் ஒண்ணும் ஆனதில்ல. மாடிப்படியில கால் வெச்சா, கடைசிப் படி இருக்குன்னு நினைச்சு வெச்சா, அது இல்ல. காலு ரெண்டு இடத்துல ஒடஞ்சுபோச்சு. கட்டு போட்டு சோபாவுல உக்கார வெச்சுட்டாங்க. தண்ணியப் பாக்காம ஒரு நாள் இருந்தவ இல்ல அவ. மொத வாரமே மூஞ்சி சுருங்கிப் போச்சு. என்கிட்ட ஒண்ணும் சொல்லல, சொல்லவும் மாட்டா. சரி, நீ தண்ணிகிட்ட போக முடியலன்னா தண்ணிய உன்கிட்ட கொண்டு வர்றேன்னு வீராப்பா சொல்லிட்டு, இந்தக் கடைக்கு வந்து மாட்டிக்கிட்டேன்.

வர்ற வாரம் கட்டு பிரிக்கிறாங்க சார். அதான் விஷயம். கட்டு பிரிச்சதும் அவ பாட்டுக்கு வேலைக்குக் கிளம்பிடுவா. அப்புறம் மீன் வந்து யாருக்கு? எனக்கா? என் மூஞ்சிய அது பாக்குறதுக்கா? அதோ, மூணாவது தொட்டியில பாருங்க, அந்த ஆரஞ்சும் வெள்ளையும் போட்ட ஜோடி. ஒண்ணு பெருசு, ஒண்ணு பொடிசு. போட்டோ எடுத்துட்டுப் போய்க் காட்டினேன். அந்தப் பொடிசு பெருசு பின்னாடியே சுத்துறதப் பாத்து, அப்படியே நீங்கதாங்கன்னா. கால் ஒடஞ்சதுக்கு அப்புறம் அன்னிக்குத்தான் சார் அவ சிரிச்சு நான் பாத்தேன். இன்னிக்கு அந்த ஜோடி இல்லாம நான் வீட்டுக்குப் போக மாட்டேன்.

பொறுமையா இருங்கன்னு இவரு சொல்லும்போது எனக்கு எங்க எரியும் தெரியுமா? அது என்னோட டயலாக்கு சார். நான் லிப்ட் மெக்கானிக். உள்ள ஆளு மாட்டிக்கிட்டு கதவத் தட்டுவாங்க, நான் வெளிய நின்னு, பொறுமையா இருங்க, இதோ ஆச்சுன்னு சொல்வேன். இத்தன வருஷம் சொல்லிருக்கேன். உள்ள இருந்து கேக்குறவனுக்கு அது எப்படி இருக்கும்னு இப்பத்தான் தெரியுது.

நடுவுல ஒரு வாரம் தொட்டி முழுக்கக் காவி பூசின மாதிரி பழுப்பா ஆயிடுச்சு. கல்லு, மணலு, கண்ணாடி, எல்லாம். நான் ஸ்பாஞ்ச எடுத்துட்டேன். இவரு போன்லயே, கை வெச்சா மறுபடி மொதல்ல இருந்துன்னாரு. கையக் கட்டிட்டு உக்காந்தேன். அதுவா வந்துச்சு, அதுவா போச்சு. அதுலயும் பாருங்க, அவ அந்தப் பழுப்பையும் உக்காந்து பாத்துட்டு இருந்தா. தெனமும் கொஞ்சம் கொஞ்சமா கலர் மாறுதுங்கன்னா. இதுல பாக்க என்ன இருக்குன்னு நான் சத்தம் போட்டேன்.

போன வாரம் ஒரு வேல பண்ணேன், சிரிக்காதீங்க. வாளியில புதுசா உப்பு கலக்கி, பளிங்கு மாதிரி தண்ணி, அத பாட்டில்ல ஊத்திட்டு வந்தேன். டெஸ்ட்ல ஒரு விஷமும் இல்ல. நான் மீன் பைய வாங்கக் கைய நீட்டிட்டேன். அவரு இன்னொரு மருந்த ஊத்திப் பாத்துட்டு, இந்தத் தண்ணி கல்லையே பாத்ததில்லையேன்னாரு. பழுத்த தண்ணின்னா கிருமி விஷத்தத் தின்ன அடையாளமா வேற ஒண்ணு மிச்சம் இருக்கணுமாம், இதுல அதுவும் இல்லையாம். கடையில நாலு பேரு இருந்தாங்க. மானம் போச்சு.

அதான் சார்... கொஞ்சம் கிட்ட வாங்க. உங்க தொட்டி பழைய தொட்டியாத்தான் இருக்கும், உங்க முகத்துலயே ஒரு நிதானம் தெரியுது. வருஷக்கணக்கா ஓடுது, இல்ல? ம்... தலைய ஆட்டுறீங்க, நினைச்சேன். நீங்க மீனும் வாங்க வரல, சும்மா தண்ணி பாக்கத்தானே வந்தீங்க? ரெண்டு பாட்டிலும் ஒரே மாதிரி. நான் எதையும் ஊத்த வேணாம், கலக்க வேணாம். இடத்த மட்டும் மாத்தி வெச்சிடுறேன். உங்களுக்கு நஷ்டம் ஒண்ணும் இல்ல, கொஞ்சம் திட்டு விழும், அவ்ளோதான். வீட்டுக்குப் போனா உங்க தண்ணி உங்க தண்ணிதானே. சரியா? டக்குனு தலையாட்டுனீங்க பாருங்க, பெரிய மனசு சார் உங்களுக்கு. இந்தா... மாத்தியாச்சு.

வந்துட்டாரு. நீங்க அந்தப் பக்கம் மீன் பாக்குற மாதிரி பாருங்க.

வாங்கண்ணே, வாங்க. ஆமா, மொத பாட்டில் என்னோடதுதான்... பாருங்க சார், சொட்டு விட்டுக் குலுக்குவாரு. மஞ்சளா வந்தா மீனு. பச்சையா வந்தா வெறுங்கையோட வீடு. அவ்ளோதான் கணக்கு.

என்னண்ணே... பச்சையா? இந்த லைட்டு நீலமா இருக்குண்ணே, அதுல அப்படித்தான் தெரியும், வாசலுக்குக் கொண்டு போய்ப் பாருங்க... அங்கயும் பச்சையா? செத்த மீன எடுக்காம விட்ட தண்ணி மாதிரியா? என் தொட்டியில மீனே இல்லையேண்ணே, எதுண்ணே சாகும்?

சார். இந்தப் பக்கம் கொஞ்சம் திரும்புங்க சார். என்ன சார் இது? இத்தன வருஷத் தொட்டின்னு... ஆமா, நீங்க எங்க சொன்னீங்க, நான்தான் சொன்னேன். நீங்க தலையத்தான் ஆட்டுனீங்க.

ரெண்டாவது... மஞ்சளா? அண்ணே, நல்லா பாத்துச் சொல்லுங்க. மஞ்சள்தானா? அந்த இன்னொரு மருந்தும் ஊத்திட்டீங்களா, அதுவும் சரியா இருக்கா? இந்த வாரம்தான் பழுத்திருக்கணுமா... அருமையான தண்ணியா... இவருக்கு நல்ல பொறுமையா... ஆங். ஆமாண்ணே. ரொம்பப் பொறுமைதான் இவருக்கு.

சார், மெதுவாக் கேக்குறேன். எதுக்கு மூணாவது தொட்டியக் கை காட்டுறீங்க? மீன் வாங்க வரலன்னு தலையாட்டுனீங்களே. வேற மீனக் காட்டுங்க சார், கடை முழுக்க இருக்கு. அது எங்க வீட்டு மீனு. அந்தப் பொடிசு... ஐயோ, வலைய எடுத்துட்டாரு. உங்க தொட்டியில இருந்ததெல்லாம் என்ன ஆச்சு? சொல்லுங்க, என்ன ஆச்சு? ஏன் அப்படி டக்குனு தலையாட்டுனீங்கன்னு இப்பப் புரியுது. உங்களுக்கும் இவரு மீன் தரமாட்டாருன்னு தெரிஞ்சுதான் பேசாம உக்காந்திருந்தீங்க. நானும் லூசு மாதிரி என் தண்ணியத் தூக்கி உங்க கையில குடுத்திருக்கேன்.

மீனு போனாக்கூடப் பரவால்ல சார், வேற யார் வீட்டுலயோ நல்லா இருக்கட்டும்னு விட்டுடுவேன். ஆனா அந்தப் பச்சைத் தண்ணியில கொண்டு போய் விட்டா அதுங்க எத்தன நாள் தாங்கும்? உங்களுக்கே தெரியும்ல? என் முகத்தப் பாத்துச் சொல்லுங்க.

அண்ணே. அந்தப் பையக் கட்டாதீங்க. இல்ல, நிறுத்துங்க, தண்ணியில விடுங்க அதுங்கள. பாட்டில் மாறிப்போச்சுண்ணே... மாறல. மாத்தினேன். நான்தான் மாத்தினேன். பச்சை அவரோடது. மஞ்சள் என்னோடது. திட்டுங்க, நல்லாத் திட்டுங்க, நான் நின்னு வாங்கிக்கிறேன். அவரையும் ரெண்டு திட்டுங்க. சார்... எங்க கிளம்பிட்டீங்க? கதவுகிட்ட ஈரமா இருக்கு, பாத்துப் போங்க, என் வீட்டுக்காரி மாதிரி ஆயிடப்போறீங்க.

போயிட்டான் மனுஷன். கடைசி வரைக்கும் ஒரு வார்த்த பேசலண்ணே.

சரிண்ணே, இப்ப அந்தப் பை எனக்குத்தானே? ...இன்னிக்கு இல்லையா? தண்ணிதான் பழுத்துடுச்சே! ...ஓ. தண்ணி பழுத்துடுச்சு, நான் பழுக்கலையா. ஒரு வாரமா? அதுவரைக்கும் அந்த ஜோடிய எடுத்து வெப்பீங்கள்ல? வெறும் சொல்லு வேணாம், தொட்டி மேல எழுதி ஒட்டுங்க.

இருங்க, போன்ல என் வீட்டுக்காரிதான் கூப்புடுறா... சொல்லு. இல்ல, மீனு இல்ல. அது பெரிய கத, வந்து சொல்றேன். ஆனா ஒரு விஷயம் கேளு, நம்ம தண்ணி பழுத்துடுச்சு. ஆமா, நெஜமா. நம்ம தண்ணிதான், மஞ்சளே மஞ்சள். நான் ஒண்ணும் பண்ணலையே, அதுவாத்தான்... என்ன சிரிக்கிற? கட்டு பிரிச்சா என்னவா? சாயங்காலம் சோபாவுலயே உக்காருவியா? கால் நல்லா இருக்கும்போதும் இந்தக் கல்லப் பாக்கவா? ...என்னது, காலையில இருந்து எதுவும் போடலையா? அடக் கடவுளே, அவசரத்துல மறந்துட்டேன். டப்பாவும் காலியா? சரி, சரி, வாங்கிட்டு வர்றேன்.

அண்ணே, அந்த மீன் சாப்பாடு ஒரு டப்பா குடுங்க. ஏன் அப்படிப் பாக்குறீங்க? மீனுக்கு இல்லண்ணே. கல்லுக்கு. காலையில இருந்து பட்டினி.