முதல் பந்தியில் ஓர் இலை

ஹலோ… ஹலோ… ஏட்டி அஸ்வதி! செவி கிழிஞ்சிரும் போலிருக்கே! தவில்காரன் மடியிலயா இருக்கே நீ?… கொஞ்சம் உள்ள தள்ளிப் போ…

ஆங், இப்பம் கேக்கு. தாலி கெட்டியாச்சா?… செரி, செரி. பொண்ணு அழுதாளா?… இல்லியா? செல்பி எடுக்காளா? கொள்ளாம். நீ எதுக்குட்டி அழுகே?… அழலியா? பின்ன சத்தம் ஏன் இப்படிக் கம்முது?…

எங்க நிக்கே?… சாமான் பூட்டி வைக்க கலவறைக்குள்ளயா? போச்சு! நேத்தைக்கு என்ன சத்தியம் பண்ணினே எங்கிட்ட? ‘ராஜி, நாளைக்கு மண்டபத்துல கலவறைப் பக்கமே எட்டிப் பாக்க மாட்டேன்’னு. தாலி கெட்டி அஞ்சு நிமிசம் ஆகல, அதுக்குள்ள பாயசப் பானைக்கும் நெய்ச் செம்புக்கும் நடுவுல காவலுக்கு நிக்கா பாரு!…

ஆமா… ஆமா… சாவிய ஆரு தந்தா?… ஒன் நாத்தனா அழகியநாயகி அக்காவா? ‘ஒன்ன நம்பித்தான் இருக்கேன்’னு சொன்னாளா? அத இருவத்தேழு வருசமா சொல்லுகா. மத்தவங்களுக்கெல்லாம் கல்யாணத்துக்குப் பத்திரிக வைப்பாங்க. ஒனக்கு மட்டும் பத்திரிகையோட கலவறைச் சாவியும் சேத்து வைக்காங்க.

ஏட்டி, ஒன் லிஸ்ட் இஞ்ச என் மடியில கெடக்கு. வாசிக்கட்டா?… வாசிப்பேன். ஆரு என்னத் தடுக்கது? வீட்டுல வச்சா ஒங்க வீட்டுக்காரரு கண்ணுல பட்டுரும்னு நீதான எங்கிட்டக் குடுத்து வச்சிருக்கே. தலைப்பு என்ன? ‘அம்பது தெகையுறதுக்குள்ள செய்ய வேண்டியது.’ அடியில ரெண்டு கோடு வேற. பதினாலு காரியம்.

ஒண்ணு. ஸ்கூட்டர்ல தனியா பேச்சிப்பாறை வரைக்கும் போணும். போனே… நான் இல்லேன்னு சொன்னனா? போனே. வழி முழுக்க பிரேக்குல கைய வச்சுக்கிட்டே போனே. ரப்பர் லாரிக்காரன் ஒன்னத் தாண்டிப் போயி, சரக்கு ஏத்தி, திரும்பி வரும்போதும் நீ பாதி வழியிலதான் நின்னே. அவன் கை காட்டினான், நீயும் காட்டினே. நீதான சொன்னே!…

நாலாவது. கொட்டாரத்துக்குள்ள போய்ப் பாக்கணும். தக்கலைக்கு வாழ்க்கப்பட்டு வந்தவ. வாற விருந்தாளி எல்லாரையும் பத்மநாபபுரத்துக்குக் கூட்டிட்டுப் போவே. அவங்க உள்ள போவாங்க, நீ வெளிய இருந்து அத்தன பேருக்க செருப்புக்கும் காவல். இந்த வருசந்தான் உள்ள காலு வச்சே. வந்து என்ன சொன்னே? ‘தரை கண்ணாடி மாதிரி இருக்கு ராஜி, எத வச்சுத் தொடைப்பாங்க?’ன்னு! ராசாக்கமாரு இருந்த எடத்துக்குப் போயிட்டு வந்தவ கேக்க கேள்வியா அது?…

சிரி, சிரி. ஏழாவது, சிதறால் மலையில எங்கயும் உக்காராம ஏறணும். ஏறினே. ஒத்தாசைக்குன்னு என்னையும் இழுத்துட்டுப் போனே. மலையில எனக்கு ஒண்ணும் ஆகல. கீழ எறங்கி ஆட்டோவுல ஏறும்போதுல்லா கால் பெரண்டுச்சு! அந்தக் காலத்தான் இப்பம் ரெண்டு தலையணைக்கு மேல தூக்கி வச்சுக்கிட்டுக் கெடக்கேன். இல்லேன்னா நானே வந்து ஒன்னத் தோளப் பிடிச்சு உக்கார வச்சிருப்பேன்…

மக்கா, அந்தக் குக்கர அணை!… ஒன்னையில்லட்டி, எம் மவள. நீ இரி.

பத்தாவதுக்கு வாறேன். இருக்கதுலயே சின்னக் காரியம். பெட்ரோல் வேண்டாம், மலை ஏற வேண்டாம். ‘ஒரு கல்யாணத்துலயாவது மொதப் பந்தியில உக்காந்து, நடுவுல எழும்பாம சாப்பிட்டு முடிக்கணும்.’ அவ்வளவுதான். மத்த பதிமூணுக்கும் டிக் அடிச்சாச்சு. இது ஒண்ணுதான் மொட்டையா நிக்கி…

அடுத்த கல்யாணத்துலயா? எந்த அடுத்த கல்யாணம்? நாள மறுநாள் ஆடி பொறக்கு. இனி ஆவணியிலதான் முகூர்த்தம். ஒனக்கு ஆடி பதிமூணுல அம்பது தெகையுது. இன்னைக்கு விட்டா விட்டதுதான்…

ம்… ம்… சொல்லு…

அது எனக்குத் தெரியாதா மக்கா? கல்யாணம் ஆகி மூணாம் மாசம். அவருக்க சொந்தத்துல ஒரு கல்யாணம். ஆசையா மொதப் பந்தியில உக்காந்தே. எல போட்டு, தண்ணி தெளிச்சு, உப்பும் விளம்பியாச்சு. அப்பம் அவருக்க பெரியம்ம வந்து, ‘புதுப்பொண்ணு இஞ்ச இருந்தா உள்ள ஆரு பாப்பா?’ன்னு அத்தன பேரு முன்னால ஒன்ன எழுப்பி விட்டா. சண்டக்காரனக்கூட எல முன்னால இருந்து எழுப்ப மாட்டாங்க. ஒன்ன எழுப்பிட்டாங்க. அன்னைக்குப் போனவதான், இன்னும் கலவறைய விட்டு வெளிய வரல…

பயமா இருக்கும். இல்லேன்னு சொல்லல. ஆனா அந்தப் பெரியம்ம போய்ச் சேந்து பத்து வருசம் ஆச்சுட்டி. இப்பம் ஒன்ன ஆரு எழுப்பப் போறா?… அழகியநாயகி அக்காவா? அவ எழும்புன்னு சொல்லட்டு. எழும்புகதும் எழும்பாததும் ஒன் இஷ்டம்லா?…

கேளு. தாணுமாலயன் ஒங்க வீட்டுக்காரருக்குச் சித்தப்பா மவன். இன்னைக்கு அவருக்க மவளுக்குக் கல்யாணம். ஒன்ன வீட்டுக்கு வந்து விளிச்சாங்களா?… தட்டுல வெத்தில பாக்கு வச்சா?… குங்குமம் தந்தாங்களா?… பின்ன நீ விருந்தாளி. விருந்தாளிக்கு எல உண்டு. நட!

இரி, இரி. ஒன் மவன் வாங்கித் தந்தானே, காதுல மாட்டுகது, ஒயர் இல்லாதது… கையில இருக்கா? மாட்டு. பிச்சிப்பூவ முன்னால இழுத்து விடு, வெளிய தெரியாது. நான் ஒன் காதுக்குள்ளயே இருக்கேன். இனி நீ ஒத்தையில இல்ல…

போறியா?… தல குனியாத. தேங்கா களவாண்டவ மாதிரிப் பதுங்கிப் பதுங்கி நடக்காத. நிமிந்து…

கையில என்ன கனமா? என்னத்தத் தூக்கிட்டுப் போறே?… எலக்கட்டா! கீழ வையிட்டி அத! எலக்கட்டோட பந்திக்குள்ள போனா ஒன்ன எல போடத்தான் சொல்லுவாங்க!… வச்சாச்சா?… வேற ஒண்ணும் எடுக்காத. தண்ணிச் செம்பு கண்ணுல பட்டாலும் பாக்காத.

பந்திக் கதவு தொறந்தாச்சா?… எல்லாரும் பாஞ்சுட்டாங்களா! நீயும் பாயி. ‘நீங்க இருங்க, நீங்க இருங்க’ன்னு வழி விட்டுக்கிட்டு நின்னா நாலாம் பந்திதான்… ஓரத்துல வேண்டாம்! ஓரத்துல இருந்தா, ‘அந்தத் தண்ணிய இஞ்ச தள்ளு’ம்பாங்க. நடுவுல போ… கெடச்சுதா?… எடது பக்கம் ஆரு?… தெரியாத ஆளா, நல்லது. வலது பக்கம்?… குமாரதாஸ் சாரா? பயப்படாத, அவரு எலய விட்டு வேற எதையும் நிமிந்து பாக்க மாட்டாரு.

உக்காந்தியா?… முழுசா உக்காந்தியா, நாற்காலி நுனியிலயா?… எனக்குத் தெரியும்ட்டி ஒன் இருப்பு. எழும்பி ஓடுகதுக்குத் தோதா நுனியில இருப்பே. பின்னால சாஞ்சு இரி… இன்னும்… முதுகு முட்டுச்சா?… ஆங்.

எல வந்தாச்சு?… தண்ணி தெளி… உப்பு… இஞ்சிக்கறி… அவியல்… ம்… சோறு விளம்புகது ஆரு?… கேட்டரிங்காரனா? கொள்ளாம், அவனுக்கு ஒன்னத் தெரியாது. என்ன கேட்டான்?… ‘அக்கா, சோறு போதுமா’ன்னா! அக்காவா! ஏட்டி, அந்த ஒரு சொல்லுக்கே அவனுக்கு நல்ல பொண்ணு கெடைக்கும்.

போதும்னு சொன்னியா? ஏன் சொன்னே? இன்னொரு கரண்டி வாங்கு… 

கைய வையி. எல்லாரும் தொடங்கட்டுன்னு பாத்துக்கிட்டு இருக்காத. பருப்ப ஒட… நெய் வந்துச்சா?…

ஏன் மூச்சு வாங்குது? எழும்புகியா? எழும்பாத!… எதிர் வரிசையில ஒருத்தருக்கு நெய் விடாமப் போயிட்டானா? அவருக்கு வாய் இல்லியா? கேட்டு வாங்கிக்கிடுவாரு. ஒனக்கென்ன?… ஒன் எலயப் பாரு. ஒன் எல மட்டும்…

என்ன?… ஆரு வாறா?… அழகியநாயகி அக்காவா? வரட்டு. ஒன்னையா தேடுகா?… எதுக்கு?…

சாவி ஒங்கிட்டயா இருக்கு! ஏட்டி பாவி! சாவிய ஆருகிட்டயும் குடுக்காமலா வந்து உக்காந்தே?… முந்தானையில முடிஞ்சு வச்சிருக்கியா? செரி. செரி. வெப்ராளப்படாத. நான் சொல்லுகதக் கேளு…

பாத்துட்டாளா?… கிட்ட வந்துட்டாளா?… என்ன சொல்லுகா?… ‘பாயசம் எடுக்கணும், எழும்பி வா’ன்னா?…

அஸ்வதி. எழும்பாத. மக்கா, எழும்பாத. வாயில இருக்கத முழுங்கு. முழுங்கிட்டு, உக்காந்த எடத்துல இருந்தே முந்தானைய அவிழு. சாவிய எடுத்து நீட்டு. ‘அக்கா, நான் சாப்பிட்டுக்கிட்டு இருக்கேன்’னு சொல்லு. வேற ஒண்ணும் வேண்டாம், மன்னிப்பு கின்னிப்பு கேட்டுராத… சொல்லு… கேக்கல… எனக்கே கேக்கலேன்னா அவளுக்கு எப்படிக் கேக்கும்?…

ஆங். கேட்டுச்சு.

…அஸ்வதி?… இருக்கியா? நாற்காலியிலதான இருக்கே?… 

வாங்கிக்கிட்டாளா! எப்படிக் குடுத்தே?… எடங்கையாலயா? நாத்தனாருக்குப் போயி எடங்கையாலயா சாவி குடுத்தே!… வலது கையில பருப்பா. செரி, அதுவும் ஞாயந்தான். அவ என்ன செஞ்சா?… சாவியப் பாத்தா. ஒன்னப் பாத்தா. எலயப் பாத்தா. பொறவு?… போயிட்டாளா? ஒண்ணுஞ் சொல்லாமலா?… ‘அடப்பிரதமன் பாயசம் எந்தப் பானை’ன்னு மட்டும் கேட்டாளா! சொல்லாத. ஒவ்வொண்ணா தொறந்து பாக்கட்டு… சொல்லிட்டியா. செரி, அது ஒன் கொணம். அதுக்கு லிஸ்டுல எடமில்ல.

நான் எங்கட்டி அழுகேன்? கால் வலிக்கி… கால்தான். நீ சாம்பாருக்குச் சோறு வாங்கு…

வாயில சோத்த வச்சுக்கிட்டுச் சிரிக்காத, பெரக்கேறும். என்ன சிரிப்பு?… ஆரு? ஒங்க வீட்டுக்காரரு ஹரிகுமார் அண்ணனா?… பாயச வாளிய அக்கா அவரு கையில குடுத்துட்டாளா! ஐயோ, இந்தக் காலு மட்டும் நேரா இருந்திருந்தா நான் பறந்து வந்திருப்பேனே! வாளி பிடிக்கத் தெரியுமா அவருக்கு?… வேட்டியில சிந்திட்டாரா? சிந்தட்டு, சிந்தட்டு. நீ தொடைக்க எழும்பாத.

எத்தன எல தள்ளி வாறாரு?… நாலா?… குமாரதாஸ் சாருக்கு ரெண்டாம் தடவையா? விளம்பட்டு… இப்பம்?… ஒன்னப் பாத்துட்டாரா?… வாளிய வச்சுட்டு நிக்காரா? ‘நீ இஞ்ச என்ன செய்யுகே’ன்னா கேட்டாரு? சாப்பிடுகேன்னு சொல்லு… சொல்லிட்டியா! கோவமா?… கோவம் இல்லியா?… சிரிக்காரா?… கரண்டிய எடுத்துட்டாரா. எலய நீட்டிக் குடுக்காத, அவரு குனியட்டு.

என்ன… என்னமோ கேக்காரா?… ‘பப்படம் நொறுக்கி வேணுமா, பழம் பிசைஞ்சு வேணுமா’ன்னா! ஏட்டி, கெட்டின மனுசன் இருவத்தேழு வருசம் கழிச்சு, ஒனக்கு என்ன பிடிக்கும்னு கேக்காரு! விடாத. சொல்லு. எது பிடிக்கும்னு சொல்லு…

சொல்லேன்… என்னட்டி, தெரியலியா?… ரெண்டுல ஒண்ணுகூட ஒனக்குக் கெடச்சதில்லியா?… 

மக்கா… கடைசிப் பந்திக்குப் பப்படமும் பழமும் மிஞ்சாதுன்னு இத்தன வருசத்துல நீ எங்கிட்டக்கூட சொல்லலியே.