எல்லாரும் ஏறியாச்சு, எடுங்க

...அவனுங்கள நம்பிக் கெளம்புனேன் பாருங்க சார், என் புத்தியச் செருப்பால அடிக்கணும். ரெண்டு தடிமாடு கூட வருது. நடுவழியில ஒரு ஆளு காணாமப் போனா அதுங்களுக்குத் தெரிய வேணாமா? தேடுனாங்களாம், போன்ல சொல்றானுங்க. எங்க தேடுனாங்கன்னு கேளுங்க. கக்கூஸ்ல. ஒவ்வொரு கதவாத் தட்டி, என் பேரச் சொல்லிச் சொல்லிக் கூப்பிட்டிருக்கானுங்க. உள்ள நிம்மதியா உக்காந்திருந்தவன்லாம் என்னைப் பத்தி என்ன நெனச்சிருப்பான்? இத்தன வருஷம் காப்பாத்துன பேரு, கடைசில கக்கூஸ் கக்கூஸா ஏறி எறங்கிருக்கு.

இருங்க, உங்க தோள்ல சாஞ்சு தூங்கிட்டேன்போல. சட்டை ஈரமா இருக்கே... அது நான்தான். மன்னிச்சிருங்க. தூங்கும்போதும் என் வாய் சும்மா இருக்காது.

ராத்திரி வேலை சார் நமக்கு. லிஃப்ட் கம்பெனியில புகார் போன் எடுக்கிற ஆளு. எந்தக் கட்டடத்துல லிஃப்ட் நடுவுல நின்னாலும் மாட்டுனவங்க உள்ள இருக்கிற பொத்தான அழுத்துவாங்க, எங்கிட்ட மணி அடிக்கும். பயப்படாதீங்க, மூச்சு முட்டாது, கதவப் போட்டு இழுக்காதீங்க, மெக்கானிக் கெளம்பிட்டார்னு சொல்லணும். மெக்கானிக் அப்பதான் போர்வைய மடிச்சுக்கிட்டிருப்பான். அந்த மெக்கானிக்தான் முதல் தடிமாடு. கிரீஸ்னு கூப்பிடுவோம். எவ்வளவு சோப்புப் போட்டாலும் அவன் நகத்துல கருப்பு போகாது. ரெண்டாவது, எங்க கம்பெனி வாசல்ல காவலுக்கு இருக்கிற மாமா. யாருக்கு மாமான்னு யாருக்கும் தெரியாது, அவரு சம்சாரமே மாமான்னுதான் கூப்பிடுது. மூணு பேரும் ராத்திரி ஆளுங்க. எங்களப் பகல்ல வெளிய விட்டா ஆந்தையப் புடிச்சு வெயில்ல விட்ட கதைதான். வழியில எது மேல வேணா முட்டுவோம்.

அதனாலதான் சார் நான் பஸ் ஏறும்போதே கண்டிஷனாச் சொன்னேன். பஸ் எங்க நின்னாலும் போனோமா வந்தோமான்னு இருக்கணும், எவனும் எவனுக்காகவும் நிக்கக் கூடாது, பின்தங்குனவன விட்டுட்டுப் போயிக்கிட்டே இருக்கணும், சாயங்காலம் ஆபீஸ் மூடுறதுக்குள்ள போயாகணும்னு. மாமா தலையாட்டுனாரு. கிரீஸ் மட்டும், "அண்ணே, நீயே பின்தங்கிட்டா?"ன்னான். என்னையும் விட்டுட்டுப் போங்கடான்னேன். பெரிய வீரன் மாதிரி. சொன்னதக் கேட்டுட்டானுங்க சார். என் சர்வீஸ்ல நான் சொன்னத அவனுங்க கேட்டது இது ஒண்ணுதான்.

இந்த பஸ் கம்பெனிக்காரன் ஒருத்தன். போற பஸ்ஸுக்கும் நீலம், வர்ற பஸ்ஸுக்கும் நீலம். சீட்டு உறையும் அதே, ஜன்னல்ல தொங்குற திரையும் அதே. டீ குடிக்க நிறுத்துற எடத்துல ரெண்டையும் எதிரும் புதிருமா நிப்பாட்டி வெச்சா, விடிய விடிய கண்ணு முழிச்சவன் எதுல ஏறுவான்? எது பக்கத்துல இருக்கோ அதுல ஏறுவான். ஏறுனேன். ஜன்னலோரம் சீட்டு காலியா இருந்துச்சு, நீங்க காலை ஒதுக்கிக் குடுத்தீங்க. துண்ட முகத்துல போட்டேன், அவ்வளவுதான். நீங்களாவது, யோவ் இது உன் சீட்டான்னு கேட்டிருக்கலாம். நல்ல மனுஷங்க கூட உக்காந்தா இதுதான் கஷ்டம்.

என்ன ஆபீஸா? ரிஜிஸ்தர் ஆபீஸ் சார். ஒரு கல்யாணம். சின்னதாத்தான், கையெழுத்து போட்டுட்டு ஆளுக்கொரு காபி குடிச்சுட்டு வர்ற மாதிரி. கிரீஸும் மாமாவும் சாட்சிக்கு.

மாப்பிள்ளையா... மாப்பிள்ளை நான்தான் சார்.

சிரிங்க, சிரிங்க. அடக்காதீங்க, பொரையேறிரும். சாட்சி ரெண்டு பேரும் அங்க போய்ச் சேந்தாச்சு, மாப்பிள்ளை இங்க வந்த வழியே வீட்டுக்குப் போயிக்கிட்டிருக்கான். இந்த வயசுல ஒரு கல்யாணம், அதுக்கு இப்படி ஒரு ஊர்வலம்.

என்னைக் கட்டிக்கப் போறவங்க அந்த ஊர்லதான் ஒரு ஆஸ்பத்திரியில வேலை பாக்குறாங்க. துணி வெளுக்கிற பகுதிக்கு ராத்திரிப் பொறுப்பு. அந்த ஆஸ்பத்திரி லிஃப்ட்டும் எங்க கம்பெனிதுதான். ஒரு நாள் போர்வை வண்டியோட உள்ள மாட்டிக்கிட்டாங்க. நான் வழக்கம்போல பயப்படாதீங்கன்னு ஆரம்பிச்சேன். "நான் பயப்படல, நீங்கதான் பதட்டமாப் பேசுறீங்க"ன்னாங்க. அங்க உள்ள மெக்கானிக் வந்து சேர்ற வரைக்கும் பேசுனோம். ராத்திரி உக்காந்து பழைய புஸ்தகமாப் படிச்சு வெச்சிருக்கேன்ல, நட்சத்திரம், தேனீ, கப்பல்னு எல்லாத்தையும் எடுத்து விட்டேன். பாவம், எங்க ஓடுவாங்க? லிஃப்ட்ல இருக்காங்க. அதுக்கப்புறம் அடிக்கடி கூப்பிட ஆரம்பிச்சாங்க. லிஃப்ட் நல்லா ஓடுதுன்னு சொல்றதுக்கு. ஓடுற லிஃப்ட்டுக்கு எவங்களாவது போன் பண்ணுவாங்களா சார்? எனக்கு அது உறைக்கவே ஒரு மழைக்காலம் முழுக்க ஆச்சு.

நேர்ல ஒருக்காதான் பாத்திருக்கேன். எங்க ஊருக்கு வந்தாங்க. ஒரு ஓட்டல்ல எதிர் எதிரா உக்காந்தோம். எனக்குப் பேச்சே வரல சார். எனக்கு! தண்ணியக் குடிச்சேன், அவங்க தண்ணியையும் எடுத்துக் குடிச்சேன். அப்புறம் எந்திரிச்சு வெளிய போயி, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்னு போன் பண்ணுனேன். அவங்க உள்ள உக்காந்தபடியே எடுத்தாங்க. நல்லாப் பேசுனோம். சப்ளையர்தான் ரெண்டு பேரையும் மாறி மாறிப் பாத்தாரு. இதையெல்லாம் பாத்த அப்புறமும் கட்டிக்கிறேன்னு சொன்ன பொம்பளை சார் அது. அவங்களுக்கும் ஏதோ கோளாறு இருக்கணும்.

கொஞ்ச முன்னாடி கூப்பிட்டது அவங்கதான். பஸ் ஸ்டாண்டுக்கே வந்து நின்னிருக்காங்க. பஸ்ஸுல இருந்து கிரீஸ் எறங்கிருக்கான், மாமா எறங்கிருக்காரு, அப்புறம் பை மட்டும் எறங்கிருக்கு. என் பை. எனக்கு போன் வந்துச்சு. நான் நீல பெயிண்ட்டு, கக்கூஸு, அவனுங்களோட பொறுப்பில்லாத்தனம்னு உங்ககிட்டச் சொன்ன அத்தனையும் சொன்னேன். குறுக்க பேசாமக் கேட்டாங்க. கேட்டுட்டு, "ஆபீஸ் நாளைக்கும் தெறக்கும். நீங்க வர்றீங்களா, போறீங்களா? அத மட்டும் சொல்லுங்க"ன்னாங்க.

டவர் இல்ல, சரியாக் கேக்கலன்னு வெச்சுட்டேன்.

என்ன கேட்டீங்க?

இல்ல, சொல்லுங்க. பரவால்ல.

ம்... நான்தான். பஸ் கெளம்பும்போது எல்லாரும் ஏறியாச்சான்னு டிரைவர் கேட்டதுக்கு, ஏறியாச்சு எடுங்கன்னு குரல் குடுத்தது நான்தான். துண்டுக்குள்ள இருந்து குடுத்தா யாருன்னு தெரியாதுன்னு நெனச்சேன். பக்கத்துல இருக்கிற உங்களுக்குக் கேக்காதா.

ஏறுனது தூக்கத்துல சார், அது சத்தியம். ஆனா பஸ் உறுமுனதும் முழிப்பு வந்துருச்சு. திரையை வெலக்கிப் பாத்தேன். எதிர்ல எங்க பஸ்ஸு. படிக்கட்டுல மாமா நிக்கிறாரு, எனக்கு வாங்குன டீயக் கையில வெச்சுக்கிட்டு. ஆறிப் போகக் கூடாதுன்னு மேல இன்னொரு டம்ளரக் கவுத்து மூடிருக்காரு. அங்கயும் இங்கயும் பாக்குறாரு. ஒரு சத்தம் குடுத்திருந்தா போதும். எறங்கி நாலு எட்டு வெச்சா அவர் முன்னாடி நிப்பேன். நான் திரைய மூடிட்டேன் சார்.

இன்னைக்குக் கையெழுத்து போட்டுட்டா இனி ஒரே வீடு. நடுவுல போனும் இல்ல, கண்ணாடியும் இல்ல. பட்டப்பகல்ல அந்த அம்மா என் மூஞ்சிய வெச்சுக்கிட்டு என்ன பண்ணும்? அங்க என்ன பேசுவேன்? தேனீயப் பத்தியா? அதுவும் தீந்து போச்சு.

சுங்கச்சாவடி போயி ரொம்ப நேரம் ஆச்சுல்ல. டிரைவர் அங்கயே எறக்கி விடுறேன்னாரு, எதிர்ப் பக்கம் பஸ் நின்னுச்சு. நான்தான் உங்ககிட்டப் பேசுற ஜோர்ல அடுத்ததுல எறங்கிக்கிறேன்னுட்டேன். அடுத்தது எதுன்னு கேட்டேன். பாலத்துக்கு முன்னாடி ஒண்ணு, அப்புறம் எங்க ஊருதானாம்.

பாருங்க, அடிக்குது. மறுபடியும் அவங்கதான். நீங்க எடுத்து, ஆளு எறங்கிப் போயிட்டாருன்னு சொல்லிர்றீங்களா... மாட்டீங்களா? சரி. அதுவும் நியாயந்தான்.

ஹலோ. ஆங், நான்தான். இல்லைங்க... டவரெல்லாம் அப்பவும் இருந்துச்சு.

வர்றேன்.

இல்ல, இன்னும் பஸ்ஸுலதான், இப்பதான் எந்திரிக்கிறேன். சார், காலைக் கொஞ்சம் ஒதுக்குங்க... டிரைவர், பாலத்துக்கு முன்னாடி நிறுத்துங்க, ஒரு ஆளு எறங்கணும். உங்ககிட்ட இல்லைங்க, டிரைவர்கிட்ட. நீங்க பேசுங்க. என்ன வேணாலும் பேசுங்க, திட்டுனாலும் சரி. நான் கேட்டுக்கிட்டே வர்றேன்.