டாக்டரிடம் நலம் விசாரித்த அக்காள்

மாசாணியம்மனைக் கும்பிட்டுவிட்டு ஆனைமலையில் பொள்ளாச்சி பஸ் ஏறினேன். முன் சீட்டில் ஒரு அக்காளும் தங்கையும். அக்காளுக்குப் பல வருசமாக முதுகுவலி. உதவித்தொகைக்கு ஊனச் சான்றிதழ் வாங்க ஆஸ்பத்திரிக்குப் போகிறார்கள் என்று பேச்சில் தெரிந்தது.

“போன தடவை டாக்டரு எப்படி இருக்கீங்கன்னாரு. நீ நல்லா இருக்கேனுங்க, உங்க ஊட்ல எல்லாரும் சௌக்கியங்களான்னு கேட்டுப்போட்டே. அவரு ஒண்ணும் எழுதாம அனுப்பிட்டாரு” என்றாள் தங்கை.

“ஒரு மரியாதைக்குக் கேட்டேன்.”

“மரியாதைய இந்த பஸ்ஸுலயே உட்டுப்போட்டு எறங்கு. இப்ப நாந்தான் டாக்டரு. சொல்லு.”

“வலிக்குதுங்க.”

“எம்பட மாமியாளுக்குந்தான் வலிக்குது. சீலை யாரு கட்டி உடறது?”

“உங்க மாமன்தான். அதையெல்லாம் சொன்னா வெக்கமில்லியா?”

“உருவறப்ப இல்லாத வெக்கம் கட்டறப்ப என்னத்துக்கு?”

கோயில் குங்குமத்தோடு நான் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அம்மன்தான் என் சிரிப்பை அடக்கினாள்.

அக்காள் மெதுவாகச் சொன்னாள்: “ராத்திரி திரும்பிப் படுக்கோணும்னா உங்க மாமனை எழுப்பி, நெல்லு மூட்டையாட்ட உருட்டி உடச் சொல்றேன். விடியறதுக்குள்ள நாலு தடவை.”

தங்கை அக்காள் பக்கம் திரும்பினாள். “இத எங்கிட்டக்கூடச் சொல்லலியேக்கா?”

“சொன்னா நீ அழுவே கண்ணு. டாக்டரு அழமாட்டாரில்ல, அவருகிட்டச் சொல்லிப்போடறேன்.”