பாறையடி நிலக்கீழ் நிலையத்தின் நான்காவது திறப்பு விழா

தலைமைக் கதிரையில் தகைமையோடு வீற்றிருக்கும் கூட்டுறவுச் சங்கத் தலைவர் ஹெக்டர் அவர்களே, வருவேன் வருவேன் என்று வாக்களித்து இன்னும் வந்து சேராத பிரதம விருந்தினர் அவர்களே, அவருடைய கழுத்துக்காகக் காத்து வாடிக்கொண்டிருக்கும் பூமாலைகளே, கோயில் பரிபாலன சபையாரே, பள்ளிவாசல் மரைக்காயர்மாரே, மாதா கோயில் சங்கத்தவரே, சம்பூரிலிருந்து தோணியேறியும் குறிஞ்சாக்கேணியிலிருந்து துறை கடந்தும் வந்திருக்கும் உறவுகளே, வெயிலைத் தலையில் வாங்கி அமர்ந்திருக்கும் தாய்மாரே, தந்தைமாரே, உங்கள் அனைவருக்கும் என் வணக்கமும் ஸலாமும் உரித்தாகுக.

இவ்வளவோடு விளிப்பதை நிறுத்திக்கொள்கிறேன். 1951ஆம் ஆண்டு இதே இடத்தில் ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு, விளிப்பதற்கு மட்டும் பதினெட்டு நிமிடம் எடுத்த கிறிஸ்தோபர் வாத்தியார் நான்தான். சிரிக்காதீர்கள். அந்தப் பதினெட்டு நிமிடத்தின் கதையைத்தான் சொல்லப் போகிறேன்.

பிரதம விருந்தினரின் கார் இப்போதுதான் கந்தளாயைத் தாண்டியிருக்கிறதாம். அவர் வந்து சேரும்வரை பேசிக்கொண்டிருக்கும்படி தலைவர் என் காதில் சொன்னார். நேரம் நாலு மணி. ரயில் கோச்சி நாலு இருபதுக்கு. கந்தளாயிலிருந்து இங்கே வர எவ்வளவு நேரமாகும் என்று உங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியும், தலைவருக்கும் தெரியும். தெரிந்துகொண்டுதான் பேசச் சொல்கிறார்.

பெரியோர்களே, எங்கள் காலடிக்குக் கீழே இருப்பது என்ன? யுத்த காலத்தில் வெள்ளைக்காரன் குண்டுகளை ஒளித்து வைக்கக் குடைந்த குகை. பாறையைப் பிளந்து, பாதாளத்தில் தண்டவாளப் பாதை போட்டு, ஐம்பத்து நாலு படி வெட்டி, பக்கத்தில் ஒரு பிளாட்பாரமும் கட்டிவிட்டுப் போனான். குண்டு இறங்கிய இடத்தில் குடிமக்கள் ஏறட்டும் என்று நாங்கள் கேட்டோம். அது பேராசையா? ஆறு மைல் தள்ளியிருக்கும் பட்டணத்துக்கு நடந்து நடந்து கால் தேய்ந்தவர்கள் கோச்சியில் ஏற ஆசைப்பட்டது குற்றமா?

சுதந்திரம் வந்தது. மனு எழுதினோம். பதில் வரவில்லை. மறுபடி எழுதினோம். மூன்று வருடம் கழித்து மேலிடத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. நிலையம் தரலாம், ஆனால் ஒரு நிபந்தனை. திறப்பு விழா அன்றைக்கு, குறித்த கோச்சி வரும் நேரத்தில், பிளாட்பாரத்தில் யாராவது லாம்பு பிடித்து நிற்க வேண்டும். நின்றால் கோச்சி நிற்கும்; அன்றிலிருந்து காலையும் மாலையும் நிற்கும். ஒருவரும் இல்லையென்றால் இந்த இடத்தைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுவார்கள்.

எவ்வளவு சுலபமான நிபந்தனை! முந்நூறு பேர் கூடினோம். வாழைமரம் கட்டினோம், தோரணம் கட்டினோம், மேளம் கொட்டினோம். கோச்சி வந்தபோது அந்த முந்நூறு பேரும் எங்கே இருந்தார்கள்? இங்கே, மேலே, என் வாயைப் பார்த்துக்கொண்டு. நான் அப்போது மரைக்காயர்மாரை விளித்து முடித்து மாதா கோயிலுக்குப் போயிருந்தேன். ஐம்பத்து நாலு படிக்குக் கீழே கோச்சி வந்ததும் போனதும் யாருக்கும் கேட்கவில்லை. ஒலிபெருக்கி அவ்வளவு நன்றாக வேலை செய்தது. கோச்சியின் கார்ட் தன் புத்தகத்தில் ‘ஆள் இல்லை’ என்று எழுதிக்கொண்டு போய்விட்டார். அவர் எழுதியதில் என்ன பிழை?

ஒன்பது வருடம் மனு எழுதி 1960இல் மறுபடி கேட்டு வாங்கினோம். இந்த முறை கீழே உட்கார வாங்கு போட்டார்கள், சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தார்கள். படிக்கட்டின் வாயில் சிவப்பு நாடாவும் கட்டினார்கள். பிரமுகர் வந்து வெட்டும்வரை ஒருவரும் அதைத் தாண்டக்கூடாது. பிரமுகர் எப்போது வந்தார்? கோச்சி போய் முக்கால் மணித்தியாலத்துக்குப் பிறகு வந்தார். வெட்டினார், கைதட்டினோம், வெறும் தண்டவாளத்தைப் பார்த்துவிட்டு மேலே வந்து கேக் சாப்பிட்டோம்.

1968இல் மூன்றாவது விழா. அன்றைக்குப் பிரமுகர் நேரத்துக்கு வந்தார். ஆனால் முப்பத்தொரு பேருக்கு மாலை போட வேண்டியிருந்தது. பத்தொன்பதாவது மாலையில் கோச்சி போய்விட்டது. அந்த வருடத்து அபிவிருத்தி ஒரு பெயர்ப்பலகை, மும்மொழியிலும் எழுதியது. லைட் இல்லாத குகையில் மாட்டினார்கள். எந்த மொழிக்காரனாலும் வாசிக்க ஏலாது. இந்த நாட்டில் மூன்று மொழிக்கும் முழுச் சமத்துவம் கிடைத்த ஒரே இடம் அதுதான்.

கைதட்ட வேண்டாம். நேரம் போகிறது.

சபையோரே, இதையெல்லாம் வேடிக்கையாகச் சொல்லிவிட்டுப் போக எனக்கும் ஆசைதான். ஆனால் 1960இல் நடந்த ஒன்றை நான் இன்றுவரை எந்த மேடையிலும் சொன்னதில்லை. அன்றும் இப்படித்தான், பிரமுகர் வரும்வரை பேசச் சொல்லி என்னைத்தான் விட்டார்கள். நான் முழங்கிக்கொண்டிருந்தேன். நடுவில் ஒரு வாலிபர் எழும்பினார். விறகு வெட்டுகிற அலியார். கையில் கொளுத்திய லாம்பு.

“மாஸ்டர், கோச்சி வாற நேரமாகிட்டு. நான் நாடாக்குக் கீழால பூந்து போய் லாம்பப் புடிக்கட்டா?” என்று கேட்டார்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? “இரும் தம்பி. சபைக்கு ஒரு மரியாதை இருக்கு” என்றேன். சபை கைதட்டியது. அவர் லாம்பை அணைத்துவிட்டு உட்கார்ந்தார்.

எட்டு மாதம் கழித்து, சேனைக் காட்டுக்குள் விறகு வெட்டும்போது அதே அலியாரைப் புடையன் பாம்பு கடித்தது. கூட விறகு வெட்டிய சரீபும் இன்னும் மூன்று பேரும் அவரைத் தூக்கிக்கொண்டு இந்தப் படியால் இறங்கினார்கள். லாம்பு பிடித்தார்கள், சாரனை அவிழ்த்து வீசினார்கள், கத்தினார்கள். கோச்சி நிற்கவில்லை. பட்டியலில் இல்லாத இடத்தில் நிறுத்தச் சாரதிக்கு உத்தரவு ஏது? மாட்டுவண்டியில் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க நாலு மணித்தியாலம் சென்றது. உயிர் தப்பியது. முழங்காலுக்குக் கீழே கால் போனது.

அதோ, முன்வரிசையில் தடியோடு இருக்கிறார். பதினாலு வருடமாக வழியில் காணும்போதெல்லாம் எனக்கு ஸலாம் சொல்கிறார். ஒரு நாளாவது ஒரு சொல் கேட்டதில்லை. கேட்டிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

போன கிழமை என் வீட்டுக்கு வந்தார். “மாஸ்டர், மகள் பரீனாக்குப் பெரியாஸ்பத்திரில அட்டென்டன் வேல கெடச்சிரிக்கி. திங்கக்கிழம காலம ஆறரைக்கு வார்ட்டில நிக்கணுமாம். கோச்சி நிக்குமா?” என்று கேட்டார். நிற்கும், வெள்ளிக்கிழமை திறப்பு விழா வைக்கிறோம் என்றேன். அவர் முகம் வாடிப்போயிற்று. “விழாவெண்டாத்தான் மாஸ்டர் எனக்குப் பயமா இரிக்கி” என்றார்.

தாய்மாரே, தந்தைமாரே, அந்த மனுசன் பயந்தது நியாயமா இல்லையா? மேலிடத்துக் கடிதம் இதோ என் சட்டைப் பையில் இருக்கிறது. இதுவே கடைசித் தடவை என்று எழுதியிருக்கிறார்கள். இன்றைக்கும் ஆள் இல்லையென்றால் படிக்கட்டின் வாயைக் கல்வைத்துக் கட்டிவிடுவார்களாம். அந்தப் பிள்ளை ஆறு மைல் போக, ஆறு மைல் வர, இருட்டோடு காட்டுப் பாதையால் நடக்க வேண்டும். எத்தனை நாளைக்கு நடப்பாள்? நாலாம் நாள் வேலையை விட்டுவிடுவாள். அதற்கும் நாங்கள் ஒரு கூட்டம் போட்டு அனுதாபத் தீர்மானம் நிறைவேற்றுவோமா?

தலைவர் துண்டு அனுப்புகிறார். வாசிக்கிறேன். ‘கார் தம்பலகாமம் வந்துவிட்டது. இன்னும் கொஞ்சம் பேசவும்.’

பேச மாட்டேன் தலைவர் அவர்களே. இருபத்து நாலு வருடம் பேசிவிட்டேன். இந்த ஊர் கோச்சியைத் தவறவிட்டதற்கு வெள்ளைக்காரன் காரணமா? மேலிடம் காரணமா? மரியாதை, மரியாதை என்று உட்கார்ந்திருந்த நாங்கள்தான் காரணம். உட்கார வைத்தவன் நான்.

யாரது, சரீபா? என்ன கேட்கிறீர்? நாடா வெட்டாமல் இறங்கலாமா என்றா? தாராளமாக இறங்கலாம். பிரதம விருந்தினர் வந்து ஆறுதலாக வெட்டட்டும். அதற்கு நேரகாலம் கிடையாது, கோச்சிக்கு இருக்கிறது. நேரம் நாலு பன்னிரண்டு.

பரீனா, எழும்பு பிள்ளை. லாம்பைக் கொளுத்து. நீ முன்னுக்குப் போ. நஜ்முன் நிஸா அக்கா, நீங்கள் பெண்களைக் கூட்டிக்கொண்டு பின்னால் போங்கள். படி பாசி பிடித்திருக்கிறது, சுவரைப் பிடித்து இறங்குங்கள். டிக்கற்றைக் கார்ட்டிடம் வாங்கலாம். எங்கே போவது என்கிறீர்களா? திருகோணமலைக்குப் போங்கள். ஒரு தேத்தண்ணி குடியுங்கள், கடலைப் பாருங்கள், ஆறு மைல் நடந்து வாருங்கள். நடக்கத் தெரியாதவர்களா நீங்கள்?

இறங்குங்கள் உறவுகளே. இளைஞரே இறங்குங்கள், முதியோரே இறங்குங்கள், மேளக்காரரே மேளத்தோடு இறங்குங்கள். அந்தக் குகை முழுக்க ஆட்கள் நிற்க வேண்டும். கார்ட்டின் புத்தகத்தில் ‘ஆள் இல்லை’ என்ற சொல்லுக்கு இடமே இருக்கக்கூடாது.

எத்தனையோ மேடை ஏறியிருக்கிறேன். பேச்சின் நடுவில் சபை எழும்பிப் போவதைப் பார்த்துச் சந்தோசப்படுவது இதுதான் முதல் தரம். தலைவரும் போய்விட்டார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, நாடாவுக்குக் கீழால் குனிந்து போகிறார்.

இனி நன்றியுரை. காலியான கதிரைகளே, உங்களுக்கு என் நன்றி. ஒலிபெருக்கி தந்த ஜெமீலுக்கு நன்றி. அவரும் கீழே போய்விட்டார். அலியார், உங்களுக்கு ஐம்பத்து நாலு படி இறங்க ஏலாது, ஆனபடியால் நீங்கள் ஒருவர்தான் எனக்குச் சபை. 1960இல் உங்களை இருக்கச் சொன்னேன். முந்நூறு பேருக்கு முன்னால் சொன்னேன், ஒருவரும் இல்லாத இடத்தில் மன்னிப்புக் கேட்கிறேன். அதுவும் பிழைதான். இருந்தாலும் கேட்கிறேன். என்னை மன்னித்து...

என்ன அலியார்? படிக்கட்டு வாயில் நின்றுகொண்டு ஏன் கையைக் காட்டுகிறீர்கள்?

“கொஞ்சம் கதைக்காம இரிங்க மாஸ்டர். ஒங்கட சத்தத்தில கோச்சிச் சத்தம் கேக்குதில்ல” என்கிறார்.

நல்லது. வணக்கம்.