கண்டி வாவி ஓட்டத்தில் துரை வென்ற வரலாறு

இந்த மாபெரும் சபைக்குத் தலைமை தாங்கி, கண்டி நகரத்து வியாபாரிகளின் கண்ணியத்துக்குக் காவலராய் வீற்றிருக்கும் பெருந்தகை ஸெய்னுலாப்தீன் ஹாஜியார் அவர்களே! நடுக்கதிரையில் நாயகராய், மடியில் வெள்ளிக் கோப்பையோடு மலர்ந்த முகத்தோடு அமர்ந்திருக்கும் மடுல்கெல்லைத் தோட்டத்து மாண்புமிகு துரை அவர்களே! என் பேச்சை அவருக்கு இங்கிலீசில் எடுத்துச் சொல்ல அருகில் அமர்ந்திருக்கும் தோட்டத்துக் கணக்கப்பிள்ளை, யாழ்ப்பாணத்து ராஜலிங்கம் அவர்களே! கடை மூடி வந்த கனவான்களே! கூடை இறக்கி வந்த தாய்மார்களே! அட்டை கடித்த காலோடு மலையிறங்கி வந்து நிற்கும் என் தோழர்களே! அரிசிக்கடை முஹைதீனின் அன்பான ஸலாமும் வணக்கமும் உங்கள் அனைவருக்கும் உரியன.

நேற்று நடந்த வாவி ஓட்டத்தில் துரை அவர்கள் வென்றதைப் புகழ வேண்டும் என்பது ஹாஜியார் எனக்கு இட்ட கட்டளை. புகழாமல் விடுவேனா? இது எப்பேர்ப்பட்ட ஆண்டு! ஆயிரத்து எண்ணூற்று எழுபத்தேழு! விளையாட்டுக்கென்றே விடிந்த ஆண்டு, வீரர்க்கென்றே விளைந்த ஆண்டு, வெற்றிக்கென்றே விரிந்த ஆண்டு! கப்பலில் வந்த பத்திரிகைகளை ராஜலிங்கம் அவர்கள் எனக்குப் படித்துக் காட்டினார். லண்டன் மாநகரத்து ஓரத்தில் புல்தரையில் வலை கட்டி, பந்தை அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் தட்டி, அதற்கு முதன்முதலாக ஒரு பெரும்போட்டி நடத்தினார்களாம். இறுதி ஆட்டத்தன்று மழை. உடனே ஆட்டத்தைத் தள்ளி வைத்தார்களாம். ஏன் சிரிக்கிறீர்கள், தாய்மார்களே? மழைக்கு நிறுத்துவது நாகரிகம். நீங்கள் கொட்டுகிற மழையில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு கோப்பிப் பழம் பறிப்பது விளையாட்டு அல்லவே, அதனால் அதை நிறுத்துவதில்லை.

ஆஸ்திரேலியா தேசத்து மெல்பர்ன் நகரில் அந்நாட்டாரும் இங்கிலாந்துக்காரரும் கிரிக்கட் ஆடினார்கள். அப்படியொரு பந்தயம் அதற்கு முன் நடந்ததில்லையாம். அதில் அடித்து அடித்து ஓட்டம் குவித்த ஒருவருக்கு விரலில் பந்து பட்டது. பாவம், போய் உட்காரச் சொல்லிவிட்டார்கள். இங்கே யாருக்காவது விரலில் அடிபட்டிருக்கிறதா? யாரது, பின்னால் இரண்டு கையையும் தூக்குவது? போதும், இறக்குங்கள். உங்களை உட்காரச் சொல்ல எனக்கு அதிகாரமில்லை.

தேம்ஸ் நதியில் இரண்டு சர்வகலாசாலைகள் படகோட்டின. இரண்டும் ஒன்றாகவே வந்து சேர்ந்தன. வென்றவர் யார் என்று நடுவராலேயே சொல்ல முடியவில்லை. சரித்திரம் என்கிறார்கள்! நம் மகாவலித் துறையில் தோணி ஏறுகிற எல்லோரும் அன்றாடம் ஒன்றாகத்தான் கரை சேர்கிறோம். நமக்குக் கோப்பை தருவார் ஒருவரையும் காணோம்.

அந்த மகத்தான வரிசையில், அன்பர்களே, நேற்றைய நம் வாவி ஓட்டத்தையும் வையுங்கள்! கோப்பி இலையின் அடியில் மஞ்சள் தூசு படிந்து தோட்டம் தோட்டமாய் வாடுகிறதே என்று வருந்துகிறவர்கள் வருந்தட்டும். நம் துரை வருந்தவில்லை, ஓடினார். சீமையில் படித்த காலத்தில் ஓடிய கால்களாம். தாமும் தம் தோட்டத்து ஆட்களும் சரிநிகராக வாவியைச் சுற்றி ஓடுவது என்று விதி வகுத்தார். என்ன பெருந்தன்மை! ராஜலிங்கம் அவர்களே, அந்தப் பெருந்தன்மையை மட்டும் இங்கிலீசில் இரண்டு தரம் சொல்லுங்கள்.

ஓடியவர்களில் தோட்டத்துத் தபால் பை சுமக்கும் தோழர் ஒருவர். பெயரைச் சொல்ல மாட்டேன். காலையில் பேர் கூப்பிடுகிற துரைக்குப் பெயர்கள் புரியும். மடுல்கெல்லை மலையிலிருந்து தோளில் பையோடு கண்டிக்கு ஓடி வந்து, என் கடைவாசலில் ஒரு செம்புத் தண்ணீர் குடித்துவிட்டு, திரும்பவும் மலைக்கு ஓடுகிறவர். அவருக்குக் கோப்பை எதற்கு? அவர் மனைவி வீரம்மா, அக்கரைப் பஞ்சத்துக்குத் தப்பி, கைக்குழந்தையோடு மன்னாரில் இறங்கி, காட்டு வழியே நடந்து வந்தவள், மாத்தளைக்கு அப்பால் வழிப்போக்கர் தங்கும் தெருவோரத்து அம்பலம் ஒன்றில் காய்ச்சலோடு விழுந்து கிடக்கிறாள். கூட வந்தவர்கள் அவளைத் தூக்கி வரத் தெம்பில்லாமல் செய்தியை மட்டும் சுமந்து வந்தார்கள். அவளை அழைத்து வர விடைகேட்டுத் தோழர் துரையிடம் போய் நின்றார். துரை சொன்னதை அவர் சொன்னபடியே சொன்னால் அவருக்கே விளங்கிவிடும், ஆகையால் செந்தமிழில் தருகிறேன்: ‘ஓட்டத்தில் வாகை சூடின் உன் வழி செல்க, அன்றேல் கோப்பி பறிக்கச் செல்க!’

ஓட்டம் தொடங்கியது. துரை முன்னால். நாமெல்லாம் கரையில். பாதி வாவி சுற்றுவதற்குள் நம் தோழர் எல்லோரையும் தாண்டி, துரையின் முதுகுக்குப் பின்னால் வந்துவிட்டார். இன்னும் இரண்டு எட்டு வைத்தால் முந்திவிடுவார். அந்த நேரம் பார்த்துத் துரை திரும்பிப் பார்த்தார். அவ்வளவுதான்!

தோட்டத்துப் பாதையில் துரை முகம் தெரிந்தால் நாம் என்ன செய்கிறோம்? பாதையை விட்டு இறங்குகிறோம். தலைப்பாவை அவிழ்த்துக் கக்கத்தில் இடுக்குகிறோம். அவர் போகும்வரை குனிந்து நிற்கிறோம். என் தோழர் இறங்கினார்! அவிழ்த்தார்! குனிந்தார்! அதோடு போயிற்றா? பின்னால் ஓடி வந்த அத்தனை பேரும் அவரைப் பார்த்து வரிசையாக இறங்கி, வரிசையாக அவிழ்த்து, வரிசையாகக் குனிந்து நின்றார்கள். ஓட்டத்தில் ஓடியவர் துரை ஒருவரே! தாமே ஓடி, தாமே வென்று, தாமே முந்தி, தாமே பிந்தி, கோப்பையைத் தூக்கினார். லண்டனில் உண்டா இப்படியொரு வெற்றி? மெல்பர்னில் உண்டா?

கரையில் நின்ற தாய் ஒருத்தி கத்தியது என் காதில் இன்னும் கேட்கிறது. “அடேய், ஓடுடா! நிக்காதடா! அங்க வீரம்மா கெடக்குறாடா!” ஓட்டம் முடிந்தபின் அவளிடம் அவர் சொன்னார்: “நான் நிப்பாட்டலக்கா. காலு தானா நின்னுருச்சு.”

சிரித்தது போதும், அன்பர்களே. நானும் உங்களோடு சிரித்தேன். ஆனால் எனக்குக் கோபம் வருகிறது. அந்தக் காலுக்கு நிற்கக் கற்றுக் கொடுத்தது யார்? பயமா, பழக்கமா, நாமெல்லாரும் சேர்ந்தா? இந்த ஆண்டின் மிகப் பெரிய ஓட்டம் எது? ராமநாதபுரத்துக் காய்ந்த வயலிலிருந்து கண்டி மலைவரை, பசியோடு ஓடி வந்தீர்களே, அதுவல்லவா! அந்த ஓட்டத்துக்குப் புல்தரை விரித்தவர் யார்? மழைக்கு நிறுத்தியவர் யார்? முதலில் வந்தவர் பெயரை எந்தப் பத்திரிகை எழுதியது? வழியில் விழுந்தவர் பெயரை எவர் கேட்டார்? விழுந்தவர்களில் ஒருத்தி இன்னும் உயிரோடு இருக்கிறாள். அவளையும் விட்டுவிடுவதா?

‘இந்த முஹைதீன் ஏன் நாக்குச் சுளுக்கும் தமிழில் நீட்டி முழக்குகிறான்’ என்று முன்வரிசையில் முணுமுணுக்கிறீர்கள். காரணம் உண்டு. நம் துரைக்குத் தமிழ் தெரியும். வா தெரியும், போ தெரியும், சுறுக்கா தெரியும், சரி தெரியும். அதற்கு மேலுள்ள தமிழ் இன்னும் அவர் தோட்டத்துக்குள் நுழையவில்லை. ஆகையால் அவரிடமே நேராக ஒரு விண்ணப்பம் வைக்கிறேன். ராஜலிங்கம் அவர்களே, தாங்கள் சற்று ஓய்வெடுங்கள்.

துரை அவர்களே! வாகை சூடிய வள்ளலே! தங்களுக்கு வழிவிட்டு நின்ற ஏவலர் ஒருவர், வடதிசை வீதியில் பிணியுற்றுக் கிடக்கும் தம் இல்லாளையும் மகவையும் அழைத்து வரும் அளவும் அவரைப் பணியினின்று விடுவித்து, மீண்டு வருங்கால் முன்போல் ஏற்றுக்கொள்ளவும், அவ்விருவர்க்கும் தோட்டத்தில் இடமளிக்கவும், இம்மகாசபையின் முன்னிலையில் மனமுவந்து இசைகிறீர்கள். சரியா, துரை?

கேட்டீர்களா! ‘சரி, சரி!’ ஒன்றுக்கு இரண்டு தரம்! கோப்பையையும் தூக்கிக் காட்டினார்! ஹாஜியார் அவர்களே, தங்கள் காதில் விழுந்ததா? தலைவர் தலையசைக்கிறார். ராஜலிங்கம் அவர்களே, தாங்கள்? உரக்கச் சொல்லுங்கள், கடைசி வரிசைக்குக் கேட்கட்டும்.

“ஓம், துரை சரியெண்டு சொன்னவர். நான் என்ர காதால கேட்டனான். நாளைக்குப் பேர் கூப்பிடேக்க அதையே சொல்லுவன்.”

அந்தச் சொல்லால் தம் உத்தியோகத்துக்கு என்ன வரும் என்று அவருக்குத் தெரியும். தெரிந்தே சொன்னார்.

தோழரே, இன்னும் ஏன் நிற்கிறீர்? வாசலில் என் மாட்டுவண்டி பூட்டி நிற்கிறது. அரிசி இருக்கிறது, மருந்து இருக்கிறது, குழந்தைக்குக் கம்பளி இருக்கிறது. ஏறுங்கள்! விடுங்கள், விடுங்கள், அவருக்கு வழி விடுங்கள்!

தலைமை தாங்கிய ஹாஜியாருக்கு நன்றி. பொறுமையாய்க் கேட்ட தாய்மார்க்கும் தோழர்க்கும் நன்றி. ஒரே ஒரு சொல் சொன்ன துரைக்கும் நன்றி. எல்லோருக்கும் என் ஸலாமும் வணக்கமும். இனிக் கைதட்டுங்கள்! பாருங்கள், துரை எழுந்து நெஞ்சில் கைவைத்துக் குனிகிறார். தமக்குத்தான் என்று நினைக்கட்டும். வண்டி மாத்தளை வழியில் கட்டுகஸ்தோட்டை தாண்டும்வரை கைதட்டலை ஒருவரும் நிறுத்தாதீர்கள்!