நீர்க்கட்டியின் காது

எனக்குச் சத்தம் ஆகாது. வீட்டில் மிக்ஸி ஓடினால் மொட்டைமாடிக்குப் போய்விடுவேன். கல்யாண மண்டபத்தில் மேளக்காரர்களுக்கு எதிர்மூலையாகப் பார்த்து உட்காருவேன். அலுவலகத்தில் இது எல்லோருக்கும் தெரியும். சத்தமில்லாத டாங்கி செய்ய ஆள் தேடியபோது, "முத்துவேலைக் கேளுங்கள்" என்று கேலியாகச் சொன்னார்கள். நான் ஒப்புக்கொண்டேன்.

நீங்கள் கேட்பது சடையப்பன் இறந்ததைப் பற்றி. அதற்கு முதலில் வண்டியைத் தெரிந்துகொள்ள வேண்டும். இல்லாவிட்டால் ஏதோ கோபத்தில் செய்தேன் என்று நினைத்துவிடுவீர்கள். அவர்மேல் எனக்கு ஒருநாளும் கோபம் இருந்ததில்லை.

இருபது டன்னுக்குள் எடை. மூன்று பேர் உள்ளே தாழ உட்காருவார்கள். பீரங்கிக் கோபுரத்தில் ஆள் கிடையாது. செங்குத்தான பக்கம் எங்கும் இல்லை. ரேடார் அலை பட்டால் வந்த வழியே திரும்பாமல் சிதறிப்போகும்படி எல்லாத் தகடுகளும் சாய்ந்திருக்கும். அவற்றின் மேல் உள்ளங்கை அகலச் சில்லுகளால் ஆன இன்னொரு தோல். ஒவ்வொரு சில்லும் தன்னைச் சூடாக்கிக்கொள்ளும், குளிர்வித்துக்கொள்ளும். வெப்பத்தைக் காட்டும் கருவியில் பார்த்தால் டாங்கி தெரியாது, அதன் பின்னாலிருக்கும் ஏரிக்கரைதான் தெரியும். விரும்பினால் படுத்திருக்கும் எருமையாகவும் தெரியும். புகையைக் குளிர்காற்றோடு கலந்து அடியில் விட்டோம். கடைசிச் சில கிலோமீட்டரை எஞ்சினை அணைத்துவிட்டு பேட்டரியில் ஓடும். பதினோரு வருஷ வேலை.

இரண்டாயிரத்து மூன்று கோடையில் சாலவாக்கம் பக்கத்து ஏரிகள் வெடித்துக் கிடந்தன. அதில் ஒன்றைச் சோதனைக்கு ஒதுக்கினார்கள். உத்திரமேரூரில் கிதர் முகம்மதுவின் ஹார்டுவேர் கடைக்கு மேல் அறை எடுத்துக்கொண்டேன். வண்டியின் இரும்புப் பட்டைக்குப் பதில் ரப்பர் போடலாம் என்ற எண்ணத்தை உறுதிப்படுத்தியவர் அவர்தான். "இரும்புப் பட்டை போட்ட மாட்டுவண்டி ஊரையே கூட்டிக்கினு போவும் சார். டயர் வண்டி வாசல்ல வந்து நின்னாலும், மாடு மூச்சு வுட்டாத்தான் தெரியும்" என்றார்.

சத்தத்தை அளக்கும் கருவிகள் வந்து சேரவில்லை. ஊரில் எல்லோரும் சடையப்பனைக் கைகாட்டினார்கள். அவர் நீர்க்கட்டி. மதகைத் திறந்து மூடி வயல்களுக்குத் தண்ணீர் பிரித்துவிடும் வேலை, தலைமுறையாக அந்த வீட்டுக்கு உரியது. மழைக்காலத்தில் கரைமேல் ஒருக்களித்துப் படுத்து மண்ணில் காதை வைப்பார். ஈரம் வெளியே தெரிவதற்கு முன்பே கரை எங்கே கசிகிறது என்று சொல்லிவிடுவார்.

ஏற்பாடு எளிமையானது. ஏரி நடுவில் அவர் தரையில் காதை வைத்துப் படுப்பார். முகத்தைத் துண்டால் மூடிக்கொள்வார். வண்டிச் சத்தம் கேட்டதும் கை தூக்க வேண்டும். நான் கரையிலிருந்து பார்த்து வயர்லெஸ்ஸில் வண்டியை நிறுத்துவேன். நான் வந்து தோளைத் தொடும்வரை அவர் எழக் கூடாது. எழுந்தால் அந்த ஓட்டம் செல்லாது. பிறகு டேப் பிடித்து அளப்போம்.

முதல் நாள் முந்நூற்றுப் பத்து மீட்டரில் கை தூக்கினார்.

"என்ன கேட்டது?"

"ஏரி பல்லக் கடிக்குது சார்."

ரப்பர் போட்டோம். நூற்றெண்பது. சக்கரத் தாங்கிகளை மாற்றினோம். நூற்றிருபது. "இப்ப பல்லு இல்ல சார், வெறும் ஈறால மெல்லுது" என்று சிரித்தார். எங்களுக்கு வேண்டியது ஐம்பது. ஐம்பதுக்குக் கீழே கேட்டால் வண்டி தேறிவிடும்.

பதினான்காம் ஓட்டத்துக்கு, வண்டி தேறுமா என்று முடிவுசெய்யும் கமிட்டி வந்திருந்தது. எண்பத்தைந்து. மேலதிகாரி ஒருவர், "கோவணம் கட்டின ஆள்கிட்டயே பதினோரு வருஷம் தோக்குதேப்பா" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். சடையப்பனும் சிரித்தார், அவருக்குப் பெருமை. இன்னும் ஒரே ஓட்டம், அதிலும் தேறாவிட்டால் கோப்பை மூடுவதாகச் சொல்லிவிட்டுப் போனார்கள்.

அன்று சாயங்காலம் அவரோடு மதகடியில் உட்கார்ந்தேன். மதகின் ஷட்டர் ஆறு வருஷமாக உடைந்திருந்தது. நாளை கொஞ்சம் தாமதமாகக் கை தூக்கினால், அதைச் சரிசெய்து தரச் சொல்கிறேன் என்றேன்.

"ஷட்டரு வோணும்தான் சார். ஆனா ஒரு தபா மாத்திச் சொல்லிட்டேன்னு வெச்சிக்கோ, அப்பால மழைல கரை கசியுதுன்னு நான் சொன்னா எவன் நம்புவான்? நானே நம்ப மாட்டேன்."

"இது மழை இல்லையே."

"காது அதே காதுதான சார்."

அவர் சொன்னது நியாயம். அன்றே அதை ஒப்புக்கொண்டேன்.

மறுநாள் காலை. கமிட்டி கரைக்கோடியில் ஷாமியானாவின் கீழ் உட்கார்ந்து, டாங்கி தெரியாத திரையை வியந்து பார்த்துக்கொண்டிருந்தது. உள்ளே ஓட்டுநர் தமிழரசன் மட்டும். புதுச் சில்லுகள் பதித்ததில் அவனுடைய பார்வைக் கண்ணாடி மறைந்துவிட்டது. மாதிரி வண்டிதானே, பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டிருந்தோம். என் குரலை வைத்துத்தான் ஓட்டினான். எங்கள் ஆட்களில் சடையப்பனைப் பார்த்துக்கொண்டிருந்த கண்கள் என்னுடையவை மட்டும்.

அப்போதைய விசாரணையில் நான் சொன்னது உங்களிடம் இருக்கும். அவர் கை தூக்கவில்லை. பத்து மீட்டரில் நிறுத்தச் சொன்னேன், வயர்லெஸ் வேலை செய்யவில்லை. எதிர்க்கரையில் ஆடு மேய்த்த பாஞ்சாலி என்ற அம்மாள், கை அசைந்ததாகச் சொன்னார். ஈ ஓட்டியிருப்பார் என்றேன். விபத்து என்று முடித்தார்கள். சோதனை அறிக்கையில் 'கேட்ட தூரம்' என்ற கட்டத்தில் 'கேட்கவில்லை' என்று எழுதிக் கையெழுத்திட்டேன். வண்டி தேறியது. இரண்டு வருஷம் கழித்து, இலகு வண்டிகளே தேவையில்லை என்று முடிவெடுத்து அதை ஓரங்கட்டினார்கள். இப்போது ஒரு கொட்டகையில் தார்ப்பாய்க்குள் நிற்கிறது. யார் கண்ணிலும் படுவதில்லை.

போன மாதம் அவர் மனைவி எல்லம்மாள் என்னைத் தேடி வந்தார்.

"அவருக்குக் காது செத்துப்போச்சு, அதான் மாட்டிக்கினாருன்னு ஊர்ல பேசி, நீர்க்கட்டி வேலைய வேற வூட்டுக்குக் குட்த்துட்டாங்க சார். என்னிய செவுடன் பொண்டாட்டின்றாங்க. அவரு கையே தூக்கலியா?"

"ஈ ஓட்டினாரும்மா. அவ்வளவுதான்."

"மண்ணுல காத வெச்சாருன்னா மேல பாம்பு ஊர்ந்தாலும் அசையமாட்டாரு. அவரு எங்க சார் ஈ ஓட்டினாரு?"

டீ கொடுத்தேன். குடிக்காமல் போய்விட்டார்.

அதனால் திருத்திச் சொல்கிறேன். ஈ ஓட்டும் கை உடனே இறங்கிவிடும். அவர் கை இறங்கவே இல்லை. வயர்லெஸ் நன்றாகத்தான் வேலை செய்தது, தமிழரசனையும் விசாரணையில் என் பொய்யையே சொல்லவைத்தேன். "நிறுத்தட்டா சார்?" என்று தமிழரசன் ஒருமுறை கேட்டான். "வா" என்றேன். நாற்பது வரை வந்து நிறுத்தினால் போதும் என்றுதான் நினைத்தேன். நாற்பதில்தான் தோன்றியது, எழுந்ததும் எப்போது கேட்டது என்று உள்ளபடி சொல்லிவிடுவாரே என்று. மாற்றிச் சொல்லமாட்டார் என்பது முந்தின நாளே தெரிந்துவிட்டது. பதினான்கு முறை அவர் கை தூக்கியதும் வண்டி நின்றிருக்கிறது. அந்த நம்பிக்கையில் படுத்திருந்தார். கடைசியில் துண்டை விலக்கப் பார்த்தார். நான் "வா" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அவர் காதில் குறை ஒன்றும் இல்லை என்று எல்லம்மாளுக்கு எழுத்தில் கொடுத்துவிடுங்கள். கூடவே இதையும் குறித்துக்கொள்ளுங்கள். முதல் நாள் முந்நூற்றுப் பத்து மீட்டரில் கேட்ட அந்தக் காதுக்கு, அன்று அறுபத்திரண்டில்தான் கேட்டது.